திருகோணமலைக்கு நான் கொண்டுபோன படிவம்

முன்பின் தெரியாத ஒருவரின் வீட்டுக்குப் போய், "உங்கள் மகன் இறந்துவிட்டார் என்று இதில் ஒரு கையெழுத்து வையுங்கள்" என்று கேட்கும் வேலை எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. போன ஆனி மாதம் அந்த வேலைக்காகத்தான் திருகோணமலைக்குப் போனேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். சண்டைக் காலத்தில் வெளியேறி, எங்கெங்கோ அலைந்து, கடைசியில் அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் பதிவேட்டு அலுவலகத்தில் வந்து குந்தியவள். கறுப்பின மக்களுக்கு வேறு கதவு ஒன்றும் திறக்காத காலத்தில் அவர்களே தொடங்கி நடத்திய பல்கலைக்கழகம் அது. அங்கே பழைய கோப்புகளையெல்லாம் இப்போது கணினியில் ஏற்றுகிறார்கள். முடிவு எழுதாமல் கிடக்கும் கோப்புகளுக்கெல்லாம் ஒரு முடிவு எழுதவேண்டும் என்பது கட்டளை.

அப்படிக் கிடந்தவற்றில் ஒன்று குகனுடையது. ஊர் திருகோணமலை. பொறியியல், இறுதி ஆண்டு, இரண்டு பாடம் மட்டும் பாக்கி. விடுமுறைக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. சமாதானம் குலைந்து சண்டை மறுபடி தொடங்கிய வருடம் அது. மூதூருக்கு வள்ளம் எடுக்கப் போகிறேன் என்று காலையில் இறங்குதுறைப் பக்கம் போன அண்ணனை அதற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை என்று தங்கை சுகந்தி தொலைபேசியில் சொன்னாள்.

படிவத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்று, 'இறந்தவர்'. அதில் அடையாளம் போட்டால் மரணச் சான்றிதழை இணைக்கவேண்டும். பல்கலைக்கழகம் பட்டத்தைக் கொடுக்கும், விழாவில் பெயரைக் கூப்பிடும். மற்றது, 'படிப்பை இடையில் விட்டவர்'. அதற்குச் சான்றிதழும் வேண்டாம், பட்டமும் இல்லை. எதுவானாலும் கீழே குடும்பத்தில் மூத்தவர் ஒப்பமிட வேண்டும். இந்தப் படிவத்தை உருவாக்கியவள் நான்தான். தெளிவாக இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

"அண்ணன் மகளின் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போகிறாய்தானே, போகிற வழியில் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வா" என்றார் என் மேலதிகாரி டோரதி. அவர் பார்த்த வரைபடத்தில் இலங்கை கட்டைவிரல் நகம் அளவுதான்.

அவர் சொன்ன அந்தப் 'போகிற வழி' தம்பலகாமத்துக்குக் கிட்ட வந்ததும் பஸ்ஸின் பின்சக்கரத்தோடு சேர்ந்து வெடித்தது. இறங்கி நின்றோம். இரண்டு பக்கமும் வயல், அதற்கு அப்பால் பற்றைக்காடு. "ஆனை நிக்கிற இடம், அங்கால போகாதேங்கோ" என்று சொல்லிவிட்டு நடத்துநர் தானே அங்கால போய் ஒன்றுக்கு இருந்துவிட்டு வந்தார். மாற்றுச் சக்கரம் இருந்தது. அதிலும் காற்று இல்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்பது வழக்கம். வெயிலில் அது இன்னும் கொஞ்சம் முன்னுக்கு வந்தது.

பக்கத்தில் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெண் நின்றார். மகள் வீட்டுக்குக் கொண்டுபோன எருமைத் தயிர்ச் சட்டிகளில் ஒன்றைத் திறந்து, சீனி தூவி எனக்கும் தந்தார். கரண்டி போட்டால் அசையாத தயிர். எங்கே வேலை என்று கேட்டார். சொன்னேன்.

"கறுப்பாக்கள்ற கம்பஸ்ஸா? அங்க உங்கள சேத்துக்கிட்டாங்களா?" என்றார்.

என் சொந்தக்காரர் எவரும் இப்படிக் கேட்டதில்லை. ரொறன்ரோவில் இருக்கும் என் சித்தி, "அங்கையோ? உனக்கு வேற இடம் கிடைக்கேல்லையோ?" என்றுதான் கேட்டார். அந்த மக்களுக்கு அவர் சொன்ன சொல்லை இங்கே எழுத மாட்டேன். அடிவாங்கி ஓடிவந்த சனம் நாங்கள், நிறம் என்று வந்தால் எங்கள் வாய்க்குக் கதவே கிடையாது.

சொல்லத்தான் வேண்டும், அந்த இடம் என்னையும் திருத்தியது. அடிமைகள் எழுத்துப் படித்தால் சவுக்கடி என்றிருந்த ஊரில், விடுதலை கிடைத்த கையோடு ஒரு தேவாலயத்தின் நிலவறையில் தொடங்கிய பள்ளி அது. முதல் கட்டடத்தை எரித்தார்கள். யார் எரித்தது என்று ஊருக்கே தெரியும், ஒருவரையும் பிடிக்கவில்லை. எங்கள் நாட்டுக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அடுத்த கட்டடத்துக்கு மாணவர்களே செம்மண் குழைத்துச் செங்கல் சுட்டார்கள். சில கற்களில் விரல் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வெள்ளையருக்கு மட்டும் என்று எழுதிய சாப்பாட்டுக் கடைகளில் போய் உட்கார்ந்து மறியலுக்குப் போனார்கள். பேராசிரியர்கள் அந்தச் சிறைக்கே போய்ப் பாடம் எடுத்தார்கள்.

இன்றைக்கும் அங்கே நடைபாதையில் எதிரே வருகிறவருக்கு வணக்கம் சொல்லாமல் போகமுடியாது. வந்த புதிதில் நான் குனிந்த தலை நிமிராமல் போய்க்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறும் அம்மா அகப்பையை அந்தரத்தில் நிறுத்தி, "மகளே, உன்னை வளர்த்தது யார்?" என்று கேட்டார். வெட்கத்தில் கூனிப்போனேன். அதற்குப் பிறகு மரத்துக்கும் வணக்கம் சொல்லுகிறேன்.

மூன்று மணித்தியாலம் கழித்துச் சக்கரம் வந்தது.

மறுநாள் காலை திருகோணமலை பஸ் நிலையத்தில் மான்கள் குப்பை தின்றுகொண்டிருந்தன. புள்ளி போட்ட அழகான மான்கள், சோற்றுப் பார்சல் சுற்றிய லஞ்சீற் பொலித்தீனை மென்று விழுங்குகின்றன. வெளிநாட்டுப் பயணிகள் படம் எடுத்தார்கள். எனக்குப் பார்க்கவே ஏலாமல் இருந்தது. ஓட்டோ ஒன்றில் ஏறி, துறைமுகத்துக்குக் கிட்ட, குகனின் தகப்பன் தவராசா ஐயாவின் வீட்டுக்குப் போகவேண்டும் என்றேன். ஓட்டுநர் நஸீர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஃபோம் ஏதும் கொண்டு போறீங்களா அக்கா?"

"இல்லை" என்று பொய் சொன்னேன்.

"இல்லாட்டி நல்லது. எத்தினயோ பேர் ஃபோமோட வந்து போயிட்டாங்க. இவ்வளவு வருசத்தில அவர் ஒரு பேப்பர்லயும் கையெழுத்து வைக்கல்ல."

கைப்பையை மடியில் இன்னும் இறுக்கி வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் வீடுகளுக்கு இடையில் துறைமுகத்துத் தண்ணீர் வந்து வந்து மறைந்தது. அத்தனை பெரிய துறைமுகத்தில் மூன்றே மூன்று கப்பல் நின்றது.

சுகந்தி வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். நாற்பதை எட்டும் வயது, பள்ளிக்கூடத்தில் கணித ரீச்சர். "அக்கா, குறை நினைக்காதேங்கோ. அப்பாவுக்கு ஃபோம் கதை சொல்லேல்லை. அண்ணான்ர கம்பஸ்ஸில இருந்து ஓராள் சும்மா பார்க்க வருகினம் எண்டுதான் சொன்னனான்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கத்தியை என் கையில் தந்துவிட்டு அவள் ஒதுங்கிவிட்டாள். முன்னறைச் சுவரில் பட்டத்தைக் கொழுவுவதற்கு ஆணிகூட அடித்து வைத்திருந்தாள்.

ஐயா மெலிந்த மனிதர். சவரம் செய்த முகம், தோய்த்த வேட்டி, கையில் மணிக்கூடு. எழுந்து நின்று வரவேற்றார். "வாங்கோ பிள்ளை, கதிரையில இருங்கோ. மீன் சாப்பிடுவீங்கள்தானே?"

பாரைக் குழம்பும் கணவாய்ப் பிரட்டலும் முருங்கையிலை வறையும் வைத்து அவர் என்னைக் கேட்ட கேள்விகளில் நான் திணறிப்போனேன். செங்கல் கட்டடத்தின் கூரை மாற்றியாயிற்றோ? சனிக்கிழமையில் இப்பவும் பாண்ட் வாத்தியம் அடிக்கிறவையோ? நூலகத்தில் எந்த மாடியில் பொறியியல்? நான் போன மாதம்தான் கண்டுபிடித்த விஷயங்கள் அவருக்கு இருபது வருடமாகத் தெரிந்திருந்தன. மகன் எழுதிய கடிதங்களை அலுமாரியிலிருந்து எடுத்துத் தந்தார்.

முதல் கடிதத்தில் குகன் தான் ஏமாந்துபோனதாக எழுதியிருந்தான். அமெரிக்கா என்று நினைத்து வந்தேன், இங்கே ஒரு வெள்ளையரையும் காணவில்லை, ஊரில் ஒருவருக்கும் சொல்லாதேங்கோ அப்பா என்று இருந்தது. மூன்றாவது கடிதத்தில், பேராசிரியர் ஒருவர் பண்டிகைக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனதையும், அங்கே எல்லோரும் எங்கட ஆட்கள்போலச் சத்தமாகச் சிரித்துக்கொண்டு சாப்பிட்டதையும் எழுதியிருந்தான். அதற்கு அடுத்ததில், நண்பனின் காரில் போகும்போது பொலிஸ் மறித்து, நண்பனை மட்டும் இறக்கிக் கையை உயர்த்தச் சொல்லித் தடவிப் பார்த்ததை எழுதியிருந்தான். "அவன் எப்படி நிற்கவேண்டும் என்று தெரிந்து நின்றான் அப்பா. நாங்கள் சோதனைச் சாவடியில் நிற்கிறதுபோல. வெட்கமாக இருந்தது, முதல் கடிதத்தைக் கிழித்துவிடுங்கோ."

"கிழிக்கேல்லை. அவன் திருந்தினது தெரியவேணுமெண்டா அது இருக்கோணும்" என்றார் ஐயா. பிறகு என் கைப்பையைப் பார்த்தார். "ஃபோம் கொண்டு வந்தனீங்களோ பிள்ளை?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. எடுத்து வைத்தேன். முதல் கட்டத்தைத் தமிழில் சொல்லி விளங்கப்படுத்தினேன். சுகந்தி குசினி வாசலில் நின்றாள்.

அவர் கோபிக்கவில்லை. "துறைமுகத்தில முப்பது வருசம் கப்பல் வரவு எழுதினனான்" என்றார். "வரவேண்டிய கப்பல் வரேல்லையெண்டா 'வரவில்லை' எண்டுதான் எழுதுவம். நாளைக்கும் அதைத்தான் எழுதுவம். கடலுக்க தாண்டு மூழ்கிப்போச்சு எண்டு எழுதிறதுக்கு, தாண்டதைக் கண்ட ஆள் ஒருத்தர் வந்து சொல்லோணும். என்ர பிள்ளை செத்ததைக் கண்ட ஆள் ஆரும் இருந்தா கூட்டிக்கொண்டு வாங்கோ, நான் வைக்கிறன் கையெழுத்து."

அப்படிச் சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு துண்டு மீன் போட்டார்.

மூன்றாம் நாள் சுகந்தி என்னைப் பிரதேச செயலகத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே இருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர். மரணச் சான்றிதழ் எடுக்க விருப்பமில்லாத குடும்பங்களுக்கு, ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்று இருக்கிறது என்றார். அதை ஐயாவின் விண்ணப்பத்தின்பேரில் எடுக்கலாம். பக்கத்து மரவாங்கில் உட்கார்ந்து இரண்டு பெண்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். "நீங்கள் எதை எடுத்தனீங்கள்?" என்றார் ஒருவர். "ரெண்டையும் எடுக்கேல்லை. போராட்டத்துக்குப் பிடிக்கிற மகன்ர போட்டோவை மட்டும் புதிசா லெமினேற் செய்யோணும், மழையில ஊறிப்போச்சு" என்றார் மற்றவர். வீட்டுக் கூரையைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

எனக்கு நம்பிக்கை பிறந்தது. மாலை ஆறரைக்கு டோரதிக்குத் தொலைபேசி எடுத்தேன், அங்கே காலை. காணவில்லை என்ற சான்றிதழோடு பட்டம் கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் ஒரு மணித்தியாலம் கழித்து அழைத்தார். குரல் இறங்கியிருந்தது.

"சட்டத்தரணியிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். இறந்தவருக்குக் கொடுக்கலாம், இருப்பவர் வந்து பாடத்தை முடித்தால் கொடுக்கலாம். இரண்டுமில்லாதவருக்குக் கணினியில் இடம் இல்லையாம். என் கொள்ளுப்பாட்டியின் தாயை எந்த ஊருக்கு விற்றார்கள் என்று எங்கள் வீட்டில் இன்றுவரை தெரியாது. அப்படிப்பட்ட நானே இதை உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது, பார்."

நான் தங்கியிருந்த அறைக்குப் போகாமல் ஐயாவிடம் போனேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. அவர் வாசலில் கதிரை போட்டு இருந்தார். நுளம்புத்திரி கொளுத்தி வைத்திருந்தார். டோரதி சொன்னதைச் சொன்னேன். கொள்ளுப்பாட்டியின் தாயைப் பற்றிச் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கதையை இன்னும் சொல்லச் சொன்னார். குகன் எழுதாத கதை அது ஒன்றுதான் போலிருந்தது.

ஆகவே பதிவேட்டைப் பற்றிச் சொன்னேன். முதல் மாணவர்களைச் சேர்த்த கைப்பதிவேடு எங்கள் அலுவலகத்து இரும்பு அலுமாரியில் இருக்கிறது. பெயர், வயது, தெரிந்த தொழில். கடைசிப் பத்திக்குத் தலைப்பு, 'யாரைத் தேடுகிறார்'. தாய் ஒரு சந்தையில், பிள்ளை ஒரு சந்தையில் என்று விற்றுப் பிரித்திருந்த காலம். சேர வந்த ஒவ்வொருவரும் தேடுகிறவரின் பெயரைச் சொன்னார்கள். தாய், விற்கப்பட்டவர், இடது புருவத்தில் தழும்பு. தம்பி, விற்கும்போது நான்கு வயது. எழுதப் பழகிய மாணவர்கள் சனிக்கிழமைகளில் ஊர் ஊராகத் தேவாலயங்களுக்குக் கடிதம் போட்டார்கள். கிடைத்தால் நேரே ஒரு சின்னக் கோடு. கிடைக்காவிட்டால் அந்த இடம் அப்படியே இருக்கும். இறந்துவிட்டார் என்று எழுதவேண்டுமானால், தேடுகிறவரே வந்து சொல்லவேண்டும். வேறு எவர் சொன்னாலும் எழுதுவதில்லை என்று முதல் பக்கத்திலேயே விதி இருக்கிறது. வருகிற விருந்தினருக்கெல்லாம் இதைத்தான் காட்டுவோம். நானே எத்தனையோ தரம் காட்டியிருக்கிறேன்.

"கோடு போட்டது கனக்க இருக்கோ?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா. குறைவு."

"மற்றதெல்லாம் அப்படியே விட்டிருக்கோ?"

"ஓம்."

"அப்ப தேடுற ஆள்தான் சொல்லோணும். அதுதான் உங்கட கம்பஸ்ஸின்ர வழக்கம்."

"ஓம் ஐயா."

"இந்த ஃபோமை ஆர் பிள்ளை செய்தது?"

"நான்தான்."

தலையை ஆட்டினார். இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பதிவேட்டைத் திறந்து காட்டிப் பெருமை பேசிய அதே மேசையில் இருந்துதான் நான் அந்த இரண்டு கட்டங்களையும் கீறினேன். எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது.

சுகந்தி உள்ளேயிருந்து வந்தாள். இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். "அப்பா, நானும் தேடினனான்தான். எத்தினை முகாம், எத்தினை ஒஃபீஸ். எனக்கும் சொல்ல உரிமை இருக்கு. அவனுக்கு ஒரு அந்தியேட்டிக் கிரியை செய்யேல்லை, படத்துக்கு ஒரு பூ வைக்கேல்லை. அவனை நினைச்சு அழவும் ஏலாது, விடவும் ஏலாது. ஒரு பட்டமாவது வரட்டுமே. அவன் படிச்சவன் எண்டாவது இருக்கட்டுமே."

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஐயா மகளின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்தினார். நான் அங்கே நிற்பது சரியில்லை என்று புறப்பட்டேன். "நாளைக்குக் காலமை வாங்கோ பிள்ளை. பேனை கொண்டு வாங்கோ" என்றார்.

நான்காம் நாள் காலை போனபோது படிவம் மேசையில் விரித்தபடி இருந்தது. ஐயா மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். சுகந்தி பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. இரவு முழுவதும் இருவரும் நித்திரை கொள்ளவில்லை என்று முகத்தில் தெரிந்தது. பேனையைக் கொடுத்தேன். முதல் கட்டத்தில்தான் அடையாளம் போடப்போகிறார், மகளுக்காக இறங்கிவிட்டார் என்று நினைத்தேன். சுகந்தியும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும். மரணச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தையும் எடுத்து வைத்திருந்தாள்.

அவர் இரண்டாவது கட்டத்தில் விரலை வைத்தார். "இது, படிப்பை இடையில விட்டவர் எண்டதுதானே?"

"ஓம் ஐயா. ஆனால் அதில் பட்டம் இல்லை. கோப்பில் காலம் முழுக்க அப்படித்தான் இருக்கும்."

"அப்பா, அண்ணா விட்டிட்டு வந்தவனில்லை" என்றாள் சுகந்தி. "எல்லாப் பாடத்திலயும் முதலாவதா வந்தவன். விட்டவன் எண்டு எழுதினா அவனுக்கு எவ்வளவு அவமானம்."

"தெரியும் பிள்ளை. அவமானம்தான்" என்றார். "விட்டவன் எண்டா திரும்பிப் போய்ச் சேரலாம். செத்தவன் எங்க போய்ச் சேருறது?"

சுகந்தி மேசையில் இருந்த விண்ணப்பத்தை எடுத்து மடித்தாள், இன்னும் மடித்தாள், மடிக்க முடியாத அளவுக்கு மடித்தாள். பிறகு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவள் அழுகிற சத்தம் தெருவுக்கே கேட்டது. ஐயா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அவனுக்கு இப்ப நாப்பத்திரண்டு" என்றார். "அங்க சேருறதுக்கு வயசெல்லை ஏதும் இருக்கோ?"

"இல்லை ஐயா. எந்த வயதிலும் சேரலாம்."

"ரெண்டு பாடம்தானே மிச்சம்?"

"ரெண்டுதான்."

கட்டத்தில் அடையாளம் போட்டார். கீழே, கப்பல் வரவு எழுதிய கையால், ஒவ்வோர் எழுத்தாகப் பெயரை எழுதி ஒப்பமிட்டார். உறவு என்ற இடத்தில் 'தகப்பன்' என்று எழுதினார். பிறகு நான் சொல்லாமலே திகதியும் நேரமும் போட்டார்.

கலியாணம் முடிந்து திரும்பிப் போன முதல் நாளே அந்தக் கோப்பைத் திறந்தேன். டோரதி என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். எங்கள் பல்கலைக்கழகத்துக் கணினியில் இப்போது குகன் படிப்பை இடையில் விட்டவர். அதைப் பதிந்தது நான்தான்.